களை வித்துக்களைத் தின்னும் பூச்சிகளும் உழவு முறைகளும்

மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்தில், காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரைச் சுற்றியுள்ள கடைமடை வயல்களில் சம்பா அறுவடை தை மாதத்தில் தொடங்கி மாசியில் முடிவடைகின்றது. நெல் களத்துக்குப் போகின்றது, வைக்கோல் போராகின்றது. ஆயின் அவ்வயலில் அவ்வாண்டு விளைந்தவற்றுள் ஒன்று மட்டும் எங்கும் போவதில்லை. அது களைகளின் வித்து. காவட்டைப்புல்லும் குதிரைவாலிப்புல்லும் நெல்லுக்கு முன்னரே முற்றித் தம் வித்தை உதிர்த்துவிடும் இயல்புடையன. அரிவாள் வயலில் இறங்கும்போது அவற்றின் கதிர்க்காம்பு பெரும்பாலும் வெறுமையாய் நிற்கும். வட்டக்கோரை, ஊசிக்கோரை முதலியவற்றின் வித்துக்களோ பொடியினும் நுண்ணியவை. செழித்து வளர்ந்த புல் ஒன்றே ஆயிரக்கணக்கான வித்துக்களை உதிர்க்கவல்லது. இவ்வாறு மண்ணில் சேர்ந்த வித்தே அடுத்த போகத்தில் களையெடுப்புக் கூலியாக நிலமுடையவரிடம் கணக்குக் கேட்க வருகின்றது.

உதிர்ந்த வித்துக்கள் யாவும் முளைப்பதில்லை என்பதை எவரும் அறிவர். சில அழுகிப்போகும். சிலவற்றைக் குருவியும் எலியும் தின்னும். அறுவடை வயலில் மேயவிடும் வாத்துக் கூட்டம் சிந்திய நெல்லோடு களை வித்தையும் அள்ளிக்கொள்ளும். ஆயின் இக்கணக்கில் பெரும்பாலோர் சேர்க்காத ஒரு பங்கு உண்டு. அது பூச்சிகளின் பங்கு. எறும்பும் தரைவண்டும் சில்வண்டும் மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் வித்தைத் தேடித் தேடித் தின்கின்றன. அவை எவ்வளவு தின்னும் என்பது, வயலை உழுபவர் எப்பொழுது, எத்தனை ஆழம், எத்தனை சால் உழுகின்றார் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கின்றது. களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகி, களைக்கொல்லி மருந்தின் செலவும் ஏறிவிட்ட இந்நாளில், கூலி கேளாது வேலை செய்யும் இச்சிற்றுயிர்களின் நடைமுறையை அறிந்துவைத்தல் நிலமுடையோருக்குப் பயன்தரும்.

எறும்பு தானியம் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிய செய்தி அன்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் பாடியதாக உள்ள புறநானூற்று 173-ஆம் பாட்டில், சோற்றுத் திரளை ஏந்திச் செல்லும் சிறுவர் வரிசை, மழைக் காலத்தில் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் சேரும் எறும்பு வரிசைக்கு ஒப்பிடப்பட்டுள்ளது. வயலில் நீர் ஏறினால் எறும்பு மேடேறும் என்னும் இச்செய்தி இக்கட்டுரையின் பொருளுக்கும் இன்றியமையாதது. அதனைப் பின்னர்க் காண்க.

எழுத்தில் பதிந்த முறையான குறிப்புக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைக்கின்றன. புனாவில் கர்னல் சைக்ஸ் என்பவர் 1829-ஆம் ஆண்டில், மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் தரிசு நிலத்தில் கைப்பிடி அளவான சிறு சிறு குவியல்களைக் கண்டார். அவை அத்தனையும் புல் வித்துக்கள். நிலத்துக்கடியில் சேமித்து வைத்த வித்து ஈரமாகிவிட்டதால் எறும்புகள் அவற்றை வெளியே கொணர்ந்து, நாம் நெல்லைக் களத்தில் காயப்போடுவது போல, வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்பவர் தென்னிந்திய எறும்பு இனங்களைத் தொகுத்து 1851-இல் வெளியிட்ட பட்டியலில், முட்டைக்கோசு, முள்ளங்கி முதலிய தோட்ட வித்துக்களை விதைத்த தொட்டியைக் காப்பாற்றாது விட்டால் ஒரே இரவில் அத்தனை வித்தையும் எறும்பு எடுத்துச் சென்றுவிடும் என்று எழுதியுள்ளார். தோட்டக்காரருக்கு அது நஷ்டம். ஆயின் தொட்டியில் இருந்தது களை வித்தாக இருந்திருப்பின் அதுவே இலாபமாகும்.

தானியம் சேர்க்கும் எறும்பின் வளையை இனங்காண்பது எளிது. வளையின் வாயைச் சுற்றி உமியும் சொங்குமாக ஒரு வளையம் கிடக்கும். வரப்பின் உச்சியிலும், களத்து மேட்டோரத்திலும், கோடையில் வயலின் நடுவிலும் இதனைக் காணலாம். அவ்வுமியைச் சிறிது கையில் எடுத்துப் பார்த்தால் அது எந்தப் புல்லின் உமி என்பதை அனுபவமுள்ள குடியானவர் சொல்லிவிடுவார்.

இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டியது சுள்ளெறும்பு அல்லது கடியெறும்பு எனப்படும் சிவந்த எறும்பு. கடித்தால் நெருப்புப் பட்டாற்போல் எரியும். நாற்றங்காலில் இறங்கும் பெண்கள் இதனை வெறுப்பதில் வியப்பில்லை. இது நம் நாட்டில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளைச் சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிக்கோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியதாக 2015-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இவ்வெறும்பின் மரபுக்கூறுகளைக் கொண்டு நிறுவியுள்ளது. இவ்வினத்தில் தலை பருத்த வேலைக்கார எறும்புகள் சில உண்டு. அவற்றின் வேலை வித்தை உடைத்து மாவாக்குவதே. ஆகவே இதனை மாமிசம் தின்னும் எறும்பென்று மட்டும் எண்ணுதல் சரியன்று. புல் வித்து இதன் முக்கிய உணவுகளுள் ஒன்று.

பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னுமிடத்தில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதனை நெல் வயலிலேயே சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். காவட்டைப்புல், கேழ்வரகின் இனமான ஒரு காட்டுப் புல், இன்னொரு புல் ஆகிய மூன்றின் வித்துக்களை எண்ணி வயலில் வைத்து, நாள் கழித்து மீண்டும் எண்ணினர். இரண்டே வாரத்தில் வித்துக்களுள் பெரும் பகுதி மறைந்துவிட்டது. எடுத்துச் சென்றது பெரும்பாலும் மேற்கூறிய சுள்ளெறும்பே. நம் கடைமடை வயலில் உள்ள அதே புல், அதே எறும்பு, அதே நெற்பயிர். இதைவிடப் பொருத்தமான சான்று தேடவேண்டுவதில்லை.

சில்வண்டு இரவில் வெளிப்படுவது. மண் வெடிப்பிலும் அரிதாளின் அடியிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, இருட்டியபின் வெளிவந்து கிடைத்ததைத் தின்னும். அமெரிக்காவில் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தபொழுது, கீரையினக் களை ஒன்றின் வித்துக்களை ஒரு பெண் பூச்சி ஒரே நாளில் இருநூறுக்கு மேல் தின்றது 1999-இல் பதிவாயிற்று. எறும்பு வித்தை எடுத்துச் செல்லும். சில்வண்டோ அவ்விடத்திலேயே கடித்துத் தின்று உமியை விட்டுச்செல்லும். தரைவண்டு என்னும் கரிய, விரைந்தோடும் வண்டு இனத்திலும் வித்துத் தின்பவை பல. பிரிட்டன் முழுவதும் 257 வயல்களில் சேகரித்த கணக்குக்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், இவ்வண்டுகள் மிகுந்த வயல்களில் மண்ணில் தங்கும் களை வித்தின் இருப்புக் கட்டுப்பட்டது தெரியவந்தது. அந்நாட்டில் வண்டு முதலிடம் பெறுகின்றது. நம் போன்ற வெப்ப நாட்டில் எறும்பே முதலிடம் பெறும்.

உழவும் வித்தும்

இனி உழவைப் பற்றிய செய்தி. அடிப்படை மிக எளியது. பூச்சி தின்பது மேற்பரப்பில் கிடக்கும் வித்தை. நான்கு விரற்கடை ஆழத்தில் புதைந்த வித்தை அது தேடிச் செல்வது அரிது. ஆகவே வித்து உதிர்ந்த உடனே வயலை உழுதால், களைக்கு நாமே பத்தாயம் கட்டிக்கொடுத்து அதனுள் வித்தைக் கொட்டி மூடியதற்கு ஒப்பாகும். அடுத்த ஆண்டு உழவில் அப்பத்தாயம் திறந்துகொள்ளும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு, அதுவும் தள்ளத்தக்கதன்று. ஆழத்தில் புதைந்த வித்து முளைத்து மேலே வரமுடியாதே என்பர். உண்மையே. காவட்டைப்புல் வித்து மண்ணின் மேலே கிடந்தால் ஏறக்குறைய முழுவதும் முளைக்கின்றது; ஆழம் கூடக்கூட முளைப்பு குறைந்து, 6 சென்டிமீட்டர், அஃதாவது சுமார் இரண்டரை அங்குல ஆழத்தில் ஒன்றும் முளைப்பதில்லை என்று 2009-இல் வெளியான மேற்படி நிலையத்தாரின் சோதனை காட்டியுள்ளது. ஆனால் புதைந்த வித்து அனைத்தும் செத்துவிடுவதில்லை. உறங்குகின்றது. ஆண்டுதோறும் ஆழ உழுபவர் இவ்வாண்டின் வித்தைக் கீழே அனுப்பி, சென்ற ஆண்டுகளின் வித்தை மேலே கொணர்கின்றார். ஒருமுறை ஆழப் புதைத்துப் பல ஆண்டு அதனைக் கிளறாது விடுபவருக்கே ஆழ உழவால் களைப் பயன் உண்டு. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுமேயன்றிப் புரட்டாது. டிராக்டரில் பூட்டும் கொக்கிக் கலப்பையும் பெரும்பாலும் அத்தகையதே. இரும்பு இறக்கைக் கலப்பை மண்ணைப் புரட்டிப் போடும். சுழற்கலப்பையோ மேல்மண்ணை முழுதும் கலக்கி, வித்தை மேலிருந்து கீழ் வரை ஒருபடித்தாகப் பரப்பிவிடும். அதன் கத்தியில் தரைவண்டும் அதன் புழுக்களும் அகப்பட்டு அழிவதும் உண்டு.

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில் கோதுமை, வாற்கோதுமை வயல்களில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நன்கு விளக்குகின்றது. அங்குள்ள தானியம் சேர்க்கும் எறும்பு, உழாத மானாவாரி வயல்களில் களை வித்தை மிகுதியாக எடுத்துச் சென்றது. உழுத மானாவாரி வயல்களில் அது குறைந்தது. நீர்ப்பாய்ச்சும் வயல்களில் அவ்வெறும்பே காணப்படவில்லை. அவ்வெறும்பால் விளைந்த தானியத்துக்கு ஏற்பட்ட நஷ்டமும் பொதுவாகச் சிறிதேயாம்.

மூன்றாவதாகக் கூறிய செய்தி நம் வயலுக்கு நேராகப் பொருந்துவது. நீர் நிற்கும் நெல் வயலில் எறும்புக்கு இடமில்லை. ஆடி முதல் மார்கழி வரை எறும்பு வரப்பிலும் திடலிலும் தங்கியிருக்கும். புறநானூற்றுப் பாட்டின் எறும்பைப் போல மேடேறியிருக்கும். அக்காலத்தில் களை நீரின்மேல் உதிர்த்த வித்தை எந்தப் பூச்சியும் தீண்டாது. நீர் வடிந்து, சேறு இறுகி, வரப்பிலிருந்து எறும்பு வயலுக்குள் இறங்கும் நாள் முதலே வித்துத் தின்னும் பருவம் தொடங்குகின்றது. காவிரிக் கழிமுகத்தில் இப்பருவம் தை மாத இறுதியில் தொடங்கி, மேட்டூர் நீர் வந்து சேரும் வரை நீடிக்கும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12; அது மேலையூர்க் கடைமடைக் கதவணையை வந்தடைய இன்னும் பல நாள் ஆகும். ஆகவே கடைமடையார் நீருக்குக் காத்திருக்கும் நான்கு மாதமும் எறும்புக்கு அறுவடைக் காலம். தண்ணீர் தாமதத்தால் கடைமடையார் படும் துன்பம் பெரிது. அதில் கிடைக்கும் இச்சிறு நன்மையையாவது கைவிடாதிருத்தல் நன்று.

இந்நான்கு மாதத்தில் இப்பகுதி வயல்கள் நான்கு விதமாக நடத்தப்படுகின்றன. முதலாவது நெல் தரிசு உளுந்தும் பயறும். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுபோல் இருக்கும் பதத்தில், நிற்கும் நெல்லினூடே ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ உளுந்து அல்லது பயறு தெளிக்கப்படுகின்றது. உழவு இல்லை, உரமும் சிறிதே. நெல்லின் ஈரத்திலும் பனியிலும் அது விளைந்து, பங்குனி, சித்திரையில் அறுவடைக்கு வருகின்றது. மண்ணைப் புரட்டும் கலப்பை தேவையில்லை என்று வாதித்து அமெரிக்காவில் பாக்னர் என்பவர் 1943-இல் வெளியிட்ட நூல் அந்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. களைக்கொல்லி மருந்துகள் தோன்றிய பின்னரே அங்கு உழவில்லா வேளாண்மை பரவியது. காவிரிக் கரையிலோ அதனைப் பெயரிட்டு அழைக்காமலே குடியானவர்கள் உழவின்றி உளுந்து விளைவித்து வந்துள்ளனர்.

களை வித்துத் தின்னும் பூச்சிக்கு இம்முறையைவிட ஏற்றது வேறில்லை. வித்து மேலேயே கிடக்கின்றது. எறும்பு வளை கலைக்கப்படுவதில்லை. அரிதாளும் உளுந்தின் தழையும் வெயிலை மறைத்து, தரைவண்டுக்கும் சில்வண்டுக்கும் நிழலும் ஈரமும் தருகின்றன. இத்தகைய மறைவிருந்தால் அவை பகலிலும் அஞ்சாது நடமாடும். வெட்டவெளியான மண்ணில் பறவைக்கு இரையாகும். ஏறக்குறைய எழுபது நாள் இந்நிலை நீடிக்கின்றது. பெல்ட் சக்கரமுள்ள அறுவடை இயந்திரம் ஏறி முளைத்த உளுந்தை நசுக்குவது இம்முறைக்கு இன்று பெரிய இடையூறு. அதனை முன்னிட்டு உளுந்தையே கைவிட்டு வயலை வெறுமனே போட்டுவிடுபவர், பயறு வருவாயோடு இந்நன்மையிலும் ஒரு பகுதியை இழக்கின்றனர்.

இரண்டாவது வெறுந்தரிசு. இதிலும் வித்து மேலே கிடக்கும். எறும்பு வேலை செய்யும். ஆனால் களிமண் வயலில் பங்குனி வெயிலுக்கு விரல் நுழையும் வெடிப்புக்கள் தோன்றி, வித்துக்களுள் ஒரு பகுதி அவற்றினுள் விழுந்து தப்பிவிடும். மணற்பாங்கான கடலோர வயலில் இத்தொல்லை குறைவு. அரிதாளுக்குத் தீ வைப்பவர்கள் மேலே கிடக்கும் வித்துச் சிறிது கருகுவதைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் வெடிப்பில் உள்ளதும் மண் மூடியதும் கருகுவதில்லை. கருகுவது வண்டும், அதன் மறைவிடமும், மண்ணுக்குச் சேரவேண்டிய தழைச்சத்துமே. இவ்வழக்கத்தை விடுவதே நன்று.

மூன்றாவது கோடை உழவு. நான்காவது, ஆடியில் புழுதி விதைப்பாகச் சம்பாவை நேரடியாகத் தெளித்தற்குச் செய்யும் உழவு. கடைமடையில் நீர் உறுதியில்லாத காரணத்தால் நேரடி விதைப்பு பெருகியுள்ளது. தொடக்கத்தில் நீர் நிறுத்தமுடியாத இவ்வயல்களிலேயே களை மிகக் கொடிதாகின்றது. நட்ட வயலில் நீரே முதற் களைக்கொல்லி. புழுதி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒரே நாளில் முளைத்து ஒரே உயரத்தில் நிற்கும். இளமையில் இரண்டையும் பிரித்தறிதல் கைதேர்ந்தவருக்கே இயலும். ஆகவே வித்தைக் குறைக்கவேண்டிய அவசியம் மிகுதியாக உள்ளது இவர்களுக்கே.

கோடை உழவை எப்பொழுது செய்வது

கோடை உழவு கோடி நன்மை என்பது பழமொழி. உழுத புழுதியை நன்கு உணக்குதலின் சிறப்பைத் திருக்குறளும் உழவு அதிகாரத்தில் கூறுகின்றது. கோரைக் கிழங்கு வெயிலில் காய்வதும், அரிதாளில் தங்கிய தண்டுப்புழு அழிவதும், கோடை மழை நிலத்தில் இறங்குவதும் உழவினால் கிடைக்கும் நன்மைகள். இவற்றைப் பூச்சிக்காக விட்டுவிடுக என்று எவரும் சொல்லமாட்டார். வினா உழுவதா வேண்டாமா என்பதன்று; எப்பொழுது என்பதே.

உளுந்து பறித்த மறுநாளே உழுதல் களையைப் பொறுத்தவரை மிகத் தவறான காலம். உளுந்தில் நின்ற களைகளும் அப்பொழுதே வித்தை உதிர்த்திருக்கும். எறும்பு அவற்றை எடுக்கத் தொடங்கியே இருக்கும். லாஸ் பானோஸ் சோதனையில் இரண்டு வாரத்தில் பெரும் பகுதி மறைந்தது என்பதை நினைவிற்கொண்டு, இரண்டு மூன்று வாரமாவது வயலை அப்படியே விடுதல் தக்கது. குறுவை வைக்காத கடைமடை வயலில் சித்திரை முதல் ஆடி வரை மூன்று மாதம் கையில் இருக்கின்றது. இதில் மூன்று வாரம் விடுவதால் குறைவதொன்றுமில்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குறுவை வைப்பவருக்கு அவ்வளவு காலம் கிடையாது. அவர்கள் கிடைத்த நாளை விட்டுவிட்டு உழலாம்.

இடையில் கோடை மழை பெய்துவிட்டால் கணக்கு மாறும். களிமண்ணில் ஈரம் இருக்கும்போது உழாவிடில் பிறகு கலப்பை இறங்காது என்ற அச்சம் நியாயமானது. மேலே எஞ்சிய வித்தில் பெரும்பாலும் இம்மழைக்கே முளைத்துவிடும். எட்டு, பத்து நாள் பொறுத்து, புல் இரண்டு மூன்று இலை விட்ட சமயத்தில், ஈரம் வற்றுமுன் மேலாக உழுதால் முளைத்தவை அத்தனையும் அழியும். மேலாக என்பதே இங்கு முக்கியம். கொக்கிக் கலப்பையால் மூன்று அங்குலத்துக்கு மிகாது கீறினால் ஆழத்தில் உறங்கும் பழைய வித்து மேலே வாராது. முதலில் எறும்பு, அடுத்து மழை, பிறகு கலப்பை என்னும் இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் மூன்றின் பயனும் குறையும்.

கோரை மண்டிய வயலுக்கு இவ்விதி பொருந்தாது. கோரையின் பரவல் கிழங்கினால். அதனை எந்த எறும்பும் தூக்கிச் செல்லாது. அத்தகைய வயலைக் காலத்தாழ்வின்றி உழுது கிழங்கை வெயிலில் இடுவதே சரி. ஒரே பண்ணையில் கோரை வயலை முன்னும், புல் வயலைப் பின்னுமாக உழுவது நடைமுறையில் எளிதே. அறுகுக்கும் கோரைக்குச் சொன்னதே.

வடநாட்டில் பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல்லறுத்த வயலில் உழாது கோதுமை விதைக்கும் முறை பரவியபோது, குல்லி தண்டா என்னும் களைப்புல் முளைப்பது குறைந்ததை அங்குள்ளோர் கண்டனர். அப்புல் 1990-களில் ஐசோபுரோட்யூரான் என்னும் களைக்கொல்லிக்கு அடங்காத தன்மை பெற்று விவசாயிகளைக் கலங்கச் செய்தது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால் அதற்குத் தப்பிய புல்லே பெருகும் என்பதற்கு அது கண்கூடான சான்று. நம் நேரடி விதைப்பு வயல்களில் ஒரே மருந்தையே நம்பியிருப்போர் இதனைக் கவனிக்கவேண்டும்.

வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நீர்க்காலம் முழுவதும் எறும்புக்கும் வண்டுக்கும் வீடு அதுவே. நடவுக்கு முன் அண்டை வெட்டிச் சேறு பூசுதல் நீர் காக்க இன்றியமையாதது. ஆனால் உச்சியையும் சேர்த்துச் செதுக்கி வழுவழுப்பாக்குவது அழகுக்கேயன்றி வேறெதற்குமில்லை. உச்சியை விட்டுவைத்து, அதில் வளரும் புல்லைக் கதிர் விடுமுன் அறுத்து மாட்டுக்கு இடுதல் நன்று. கதிர் விடவிட்டால் வரப்பே களைக்கு நாற்றங்காலாகும்; வளர்ந்த புதரில் எலியும் சேரும். எறும்புக்கென்று வரப்பில் பூச்சிமருந்துத் தூள் தூவும் வழக்கம் சிலரிடம் உண்டு. விதைப்புக் காலம் நீங்கலாக அதற்குக் காரணமில்லை.

விதைப்புக் காலத்தில் மட்டும் காரணம் உண்டு. காவட்டைப்புல் வித்தைத் தின்னும் எறும்பு, விதைநெல்லையோ தெளித்த பயறையோ கண்டு ஒதுங்கிப் போவதில்லை. ஜெர்டன் கண்ட முள்ளங்கித் தொட்டியே அதற்குச் சாட்சி. புழுதியில் தெளித்த நெல்லை உடனே பரம்படித்து மூடிவிட்டால் நஷ்டம் சிறிதாகும். சுள்ளெறும்பு அசுவினியைக் காத்து வளர்க்கும் குற்றமும் உடையது. உளுந்தில் அசுவினி கண்டால் எறும்பின் நன்மையை எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

எறும்பையே நம்பிக் கைக்களையை நிறுத்திவிடலாமோ என்று எண்ணுபவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு புல் ஆயிரம் வித்து உதிர்க்கின்றது என்றும், நூற்றுக்குத் தொண்ணூறு தின்னப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சியவை நூறு. அந்த நூறே அவ்விடத்தை நிறைக்கப் போதுமானது. ஆனால் களையெடுப்புக்குத் தப்பி நின்ற பத்துப் புல்லை, கதிர் முற்றுமுன் அறுத்தெறிந்து, ஒன்றை மட்டும் தவறவிட்டவருடைய வயலில் அந்நூறும் ஓர் ஆள் காலைப்பொழுதில் பறித்துவிடக்கூடிய அளவே. முன்னவர் வயலில் அது பத்து மடங்கு. பூச்சியின் உதவி, கதிர்க்களை எடுப்பவருக்கே கூலியைக் குறைக்கும்.

அறுவடை இயந்திரத்தைப் பற்றிக் கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவை பல மாவட்டங்களிலிருந்து வருவன. அவற்றின் சல்லடையிலும் பெல்ட்டிலும் ஒட்டிய மண்ணோடு பிற ஊர்க் களை வித்தும் வருகின்றது. ஊர் எல்லையில் பொதுக் களத்தில் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிச் சுத்தம் செய்த பின்னரே வயலில் இறக்குவது என்று ஊரார் கூடி முடிவு செய்தால் நடக்கக்கூடியதே. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வாய்க்கால் கரைப் புறம்போக்குகளில் கோடையில் தீ வைப்பதைத் தடுப்பது கிராம நிர்வாக அலுவலரின் பார்வைக்குட்பட்டது. அடங்கலுக்காக வயல்களைச் சுற்றி வரும்போது எவ்வயல் உளுந்துக்குப் பின் உடனே உழப்பட்டது, எது விடப்பட்டது என்று உதவி வேளாண்மை அலுவலரும் அவரும் சேர்ந்து குறித்துவைத்தால், ஐப்பசியில் அவ்வயல்களின் களையை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும்.

எறும்பின் வேலையைத் தம் வயலிலேயே கண்டறிய விரும்புவோர் பின்வருமாறு செய்யலாம். மார்கழி இறுதியில் முற்றிய காவட்டைப்புல் கதிரை உருவி, வித்தை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்க. ஆழமில்லாத கொட்டாங்கச்சி ஆறு எடுத்து, ஒவ்வொன்றிலும் வயல் மண்ணை விளிம்பு வரை நிரப்பி அழுத்தி, மேலே ஐம்பது வித்தை எண்ணி இடுக. கொட்டாங்கச்சியின் விளிம்பு தரையோடு சமமாகும்படி மண்ணில் பதிக்கவேண்டும். மேடாக இருந்தால் வண்டு ஏறாது. மூன்றை வரப்பிலிருந்து இரண்டடியிலும், மூன்றை வயலின் நடுவிலும் வைக்க. ஒவ்வோரிடத்திலும் ஒன்றைத் திறந்தபடி விடுக. ஒன்றை, எறும்பும் வண்டும் நுழையவும் எலியும் குருவியும் நுழையாமலும் இருக்குமாறு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் கவிழ்த்து மூடுக. மூன்றாவதை நுண்துணியால் இறுகக் கட்டிவிடுக. காற்றாலும் எண்ணிக்கைப் பிழையாலும் குறைவது எவ்வளவு என்பதை அது காட்டும். மறுநாட்காலை ஒருமுறையும், ஏழாம் நாள் ஒருமுறையும், பதினான்காம் நாள் ஒருமுறையும் எண்ணிக் குறித்துக்கொள்க.

கம்பி வலைக்குள் குறைந்தது பூச்சியின் பங்கு. திறந்ததற்கும் வலையிட்டதற்கும் உள்ள வேறுபாடு எலி, பறவையின் பங்கு. வரப்போரத்தில் மிகுதியாகவும் நடுவில் குறைவாகவும் காணப்பட்டால், எறும்பு இன்னும் வரப்பிலிருந்து முழுதும் இறங்கவில்லை என்று கொள்ளலாம். அத்தகைய வயலுக்கு உழவை இன்னும் சில நாள் தள்ளிவைக்க. மாசியில் ஒருமுறையும், உளுந்து பறித்தபின் ஒருமுறையும், பக்கத்தில் உழுத வயலில் ஒருமுறையும் இதனைச் செய்து பார்த்துக் குறித்த தாளை, உழவு நாளோடும் மழை பெய்த நாளோடும் சேர்த்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி, வரும் ஆடி விதைப்புக்குரிய யோசனையைப் பெறலாம்.